மெத்தைக்குப் போன பாட்டு

மறுவருகையாம், எங்கே போயிருந்தாளாம் இவள் திரும்பி வருவதற்கு, தினமும் காலை ஒன்பது மணிக்குக் காது பரிசோதனை நிலையத்துக்குள் நுழைந்து மாலை ஐந்தரைக்கு வெளியே வருகிறவள், பதினேழு வருடமாக ஒரே பேருந்து, கிடைத்தால் ஜன்னலோரம், யாராவது தேடியிருந்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம், ஒருத்தரும் தேடவில்லை, இப்போது வந்து மறுவருகை என்று கொட்டை எழுத்தில் போடப் போகிறார்களாம். போட்டுக்கொள்ளட்டும். ஆனால் இந்தப் பாட்டுக் கம்பெனிக்காரர் விடிந்ததிலிருந்து விடாமல் பின்னாலேயே வருகிறார், கேமராவை ஒரு முக்காலியில் மாட்டிக்கொண்டு, நீங்க பாட்டுக்கு இருங்க மேடம், நான் இருக்கிறதையே மறந்துடுங்க என்கிறார், எப்படி மறப்பதாம், தண்ணீர் குடித்தால் எடுக்கிறார், செருப்பைக் கழற்றினால் எடுக்கிறார். ஏன் நிறுத்தினீங்க, அதை மட்டும் ரெண்டே நிமிஷம் சொல்லிட்டீங்கன்னா போதும் என்று மூன்று தடவை கேட்டாயிற்று. தொண்டை என்றாள். தொண்டையில் என்ன என்றார். வலி என்றாள். அவர் உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார், அந்த முகம் சட்டைப்பையிலேயே மடித்து வைத்திருந்த மாதிரி அவ்வளவு சீக்கிரம் வந்தது, அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் ஒரு வியாதி வேண்டும், ஒரு சாவு வேண்டும், அட்லீஸ்ட் ஒரு மோசமான புருஷனாவது வேண்டும், ஐம்பது வயதுப் பொம்பிளை சும்மா பாட வந்தாள் என்றால் யார் பார்ப்பார்கள்.

கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. நுரைப் பஞ்சு ஒட்டிய சுவர், ஒரு மைக், பாட்டுத்தாள் வைக்க ஒரு தாங்கி, உயரமான ஸ்டூல், காதில் மாட்ட ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய மேஜை நிறைய பொத்தான்களோடு ஒலிப்பதிவு செய்கிற பெண், மூக்குத்தி, முழுக்கையை முழங்கை வரை சுருட்டிவிட்ட சட்டை, வாயில் எப்போதும் ஒரு மிட்டாய். அவள் ஒருத்தியைத்தான் இங்கே பிடித்திருக்கிறது, அவளும் அக்கா அக்கா என்று தேனாக ஒழுகாமல் இருந்தால் இன்னும் பிடிக்கும். விசித்திரம்தான், பதினேழு வருடமாக இவள் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள், கண்ணாடிப் பெட்டிக்குள் யாரையாவது உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்க, எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்துங்க என்று சொல்லிவிட்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவாள். முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது, அதுதான் முதல் பாடம், அந்தப் பக்கத்து முகத்தைப் பார்த்தே அழுத்தக் கற்றுக்கொள்வார்கள் ஜனங்கள். சிலர் இல்லாத சத்தத்துக்கும் அழுத்துவார்கள், காது நன்றாக இருக்கிறது என்று பெயர் வாங்குவதற்காக. அவர்களிடம் அவளுக்கு ஒரு பிரியம் உண்டு. இப்போது தானே உள்ளே உட்கார்ந்து கொண்டு, சரி, என்னை யாரும் பரிசோதிக்க வேண்டாம், நானே சொல்கிறேன், மேல் ஸ்தாயியில் இரண்டு சுரம் போய்விட்டது, மூச்சு பாதிதான் இருக்கிறது, கோபம் மட்டும் முழுசாக இருக்கிறது, ஒரு சொட்டு குறையவில்லை.

அதோ உட்கார்ந்திருக்கிறான். மேஜைக்குப் பக்கத்தில், தாழ்வான நாற்காலியில், கிடாரைத் தொடைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு முறுக்காணியைத் திருகிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சரித்துக்கொண்டு, அந்தச் சரிவு மட்டும் மாறவில்லை, மற்றபடி வயிறு வந்துவிட்டது, உச்சியில் வழுக்கை, மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறான் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, மாதிரி என்ன, வாத்தியார்தானே, பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லிக்கொடுக்கிறானாம். தம்பி. கூடப்பிறந்தவன். சின்ன வயதில் அவள் எங்கே போனாலும் பின்னாலேயே வருவான் என்று வால் என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக அவனோடு பேசிய பேச்சை ஒரு தாளில் எழுதினால் தாளில் பாதி மிஞ்சும். உறவுக்காரர் கல்யாணத்தில் எதிரே வந்தால் சாப்டியா, ம், நீ, ம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். பாட்டுக்கு யார் வாசிக்கணும்னு சொல்லுங்க மேடம், எவ்வளவு பெரிய ஆளானாலும் கொண்டுவரோம் என்று கம்பெனிக்காரர் சொன்னபோது, என் தம்பிதான் வாசிக்கணும் என்றாள். அவர் உருகிப்போனார். அக்கா தம்பி மறுபடி ஒண்ணு சேர்றாங்க, அருமை மேடம் அருமை. ஆமாம், அருமைதான். ஏன் என்று தெரிந்தால் அந்த முக்காலியை மடக்கிக்கொண்டு ஓடிவிடுவார்.

ஏனென்றால் இன்றைக்குப் பாடப்போகிற பாட்டே அவனுக்காக எழுதியது. நாலே நாளில், பரிசோதனைத் தாள்களின் பின்பக்கத்தில், ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீ, நீ, நீ என்று ஒரு விரலை நீட்டிக்கொண்டே போகும். பேர் கிடையாது, யார் என்று கிடையாது, கேட்கிறவர்கள் ஏதோ காதல் தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள், நினைக்கட்டும். அவனுக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அவன் கையாலேயே ஒவ்வொரு வரிக்கும் வாசித்து, ஒவ்வொரு அறையையும் கன்னத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், நிறுத்தவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது, கேமரா வேறு ஓடிக்கொண்டிருக்கும். இதற்குத்தான் அவள் வந்திருக்கிறாள். மறுவருகை இதற்குத்தான். இசை, கலை, ரசிகர்கள் எல்லாம் கம்பெனிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு காலத்தில் சோல் பாடகி என்று பத்திரிகையில் எழுதினார்கள், ஆத்மாவிலிருந்து பாடுகிறாள் என்று, அம்மா அதைப் படித்துவிட்டு, ஆத்மாவோ என்னவோ, நீ பாடறியா யாரையாவது திட்டறியான்னே எனக்குப் புரியல என்றாள். இரண்டும்தான் அம்மா. அவள் எழுதுவாள், மெட்டுப் போடுவாள், தம்பி வாசிப்பான், சின்னச் சின்ன அரங்குகள், அப்புறம் கொஞ்சம் பெரிய அரங்குகள், ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரும், யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் செல்லும். நீ மேடையப் பாத்துக்கோ, காகிதத்த நான் பாத்துக்கறேன் என்று அவன்தான் சொன்னான், பாசமாகத்தான் சொன்னான். அந்தத் தூக்கப் பாட்டு வந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. தூங்கு, தூங்கு, விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்... அவ்வளவுதான் பல்லவி. தூக்கம் வராத ஒருத்தருக்காக எழுதியது என்று எல்லாரிடமும் சொன்னாள், பத்திரிகைக்காரரிடமும் சொன்னாள், புருஷனிடமும் சொன்னாள், தம்பியிடமும் அதேதான். இரண்டு வருடம் எந்த மேடையிலும் கடைசிப் பாட்டு அதுதான். அரங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். அப்புறம் ஒருநாள் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில், வாய் ஒரு பக்கம் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது, சுவரில் மாட்டியிருந்த டிவியில் அவள் குரலே அவளைக் கூப்பிட்டது. கோடு போட்ட பைஜாமா போட்ட ஒருவன் கைகளை விரித்துக்கொண்டு மல்லாக்க விழுகிறான், மெத்தை அவனை ஒரு தடவை தூக்கிப் போட்டு வாங்கிக்கொள்கிறது, அவன் சிரிக்கிறான், தூங்கு, தூங்கு, பத்து வருட உத்தரவாதத்துடன்.

பத்து வருட உத்தரவாதம்... மூன்று வருடம் ஓட்டினார்கள் அதை. பேருந்து நிலையத்தில், கடையில், பக்கத்து வீட்டு ஜன்னலில், சின்னப் பிள்ளைகள் தெருவில் மல்லாக்க விழுந்து விளையாடினார்கள் அவள் பாட்டைப் பாடிக்கொண்டு. தம்பியிடம் போய் நின்றபோது அவன் முகத்தைப் பார்க்காமல், நல்ல பாட்டு நாலு பேருக்குப் போய்ச் சேரட்டுமேக்கா என்றான். அன்றைக்குத்தான் அவனிடம் கடைசியாக முழு வாக்கியமாகப் பேசினாள், அந்த வாக்கியத்தை இங்கே சொல்ல முடியாது. அடுத்த வாரம் இருந்த நிகழ்ச்சிக்குப் போகவில்லை, அதற்கடுத்ததற்கும் போகவில்லை, தொண்டை என்றாள், எல்லாரும் தொண்டைக்கு வெந்நீர் சொன்னார்கள். யாரிடம் போய்ச் சொல்வது, அது தூக்கம் வராத ஒருத்தருக்கு எழுதியது இல்லை, பத்து மாதமும் சுமந்து, அழாமல் பிறந்து, அழாமலேயே போன ஒன்றுக்கு எழுதியது என்று. புருஷன் அப்போது கப்பலில் இருந்தார், வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று, வந்தவர் அதைப் பற்றிப் பேசினால் அவள் உடைந்துவிடுவாள் என்று பேசாமலே இருந்தார், இன்றுவரை அப்படியேதான் இருக்கிறார், நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று அவளும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அப்புறம் வேறு குழந்தை வரவில்லை. அந்தப் பாட்டு யாருக்கென்று தம்பிக்குத் தெரியாது, எப்படித் தெரியும், அவள் சொல்லவில்லையே... சொன்னால்தான் தெரியுமா? கூடப்பிறந்தவன், பின்னாலேயே வந்தவன், ஒரு பாட்டை நூறு தடவை வாசித்தவன், அது என்ன பாட்டு என்று தெரியாமல் ஒரு மெத்தைக்குக் கொடுப்பானா? மடையன். தெரியாமல் செய்தான் என்று எத்தனையோ தடவை அவனுக்காக அவளே வாதாடியிருக்கிறாள், வாதாடித் தோற்றிருக்கிறாள். தெரியாததுதான் குற்றம். தெரிந்திருக்க வேண்டியவனுக்குத் தெரியாததுதான்.

முதல் தடவை பாடியது சரியில்லை, கோபம் தொண்டைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு குரலுக்கு வழிவிடவில்லை. இரண்டாவது தடவை பரவாயில்லை, ஆனால் முதல் சரணம் முடிவதற்குள் கிடாரில் கரகர என்று ஒரு இரைச்சல். ஒயரு போயிடுச்சு போலருக்கு, ரெண்டு நிமிஷம்க்கா, உள்ளேயே இருங்க என்று ஒலிப்பதிவுக்காரப் பெண் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து போனாள். போகிற அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். கண்ணாடி அறையோடு பேசுவதற்கு அவள் அழுத்துகிற பொத்தான் அழுந்தியபடியே இருந்தது, அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அந்த அறையில் நாற்காலி நகர்கிற சத்தம்கூட இவள் காதுக்குள் வந்து விழுந்தது. இவள் கையை ஆட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைக்கிறதற்குள் கம்பெனிக்காரர் தம்பி பக்கம் திரும்பிவிட்டார். கேமராவைத் திருப்பியபடி, தொண்டைன்னு சொல்றாங்க சார், நம்புற மாதிரி இல்லையே, நிஜமா ஏன் விட்டாங்க என்று கேட்டார்.

தம்பி முறுக்காணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "என்னாலதான்" என்றான்.

அவள் அசையவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. பதினேழு வருடப் பயிற்சி, பாட்டுத்தாளைப் படிக்கிற மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மெத்தை விளம்பரம் ஞாபகம் இருக்கா என்று அவன் கேட்டதும் கம்பெனிக்காரர் சிரித்துவிட்டார், அட அதுவா, எங்க வீட்ல அதப் போட்டாத்தான் பிள்ளைங்க தூங்கும் என்றார். நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்றான் தம்பி. அது தூக்கத்தப் பத்தின பாட்டு இல்ல என்றான். கம்பெனிக்காரரின் சிரிப்பு எங்கேயோ பாதியில் நின்றது.

"அக்காவுக்கு ஒரு குழந்த பொறந்துச்சு. மூச்சு இல்லாம. மாமா கப்பல்ல இருந்தாரு, வேற ஆம்பள யாரும் இல்ல. என் கையிலதான் குடுத்தாங்க, நான்தான் கொண்டுபோனேன். அந்தப் பாட்ட அக்கா மொத தடவ பாடிக் காட்டுனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ வேற என்னமோ சொன்னா, நானும் சரின்னுட்டேன். ரெண்டு வருஷம் அவ பின்னாடி நின்னு அதுக்கு வாசிச்சேங்க. ஒவ்வொரு தடவையும் கை கனத்துப் போவும். அதே கனம். முடியல. மெத்தைக்குப் போயிட்டா அதுக்கப்புறம் அவ அத மேடையில பாட மாட்டான்னு நெனச்சேன். அந்த ஒரு பாட்டத்தான் நிறுத்துவான்னு..."

முறுக்காணி ஒரு தடவை கிரீச்சிட்டது. பிறகு, இதப் போட்ராதீங்க என்ற அவன் குரல் கேட்டது. கம்பெனிக்காரர் கேமராவைத் தரையைப் பார்க்கத் திருப்பிவைத்தார், அந்த மடித்து வைத்த முகத்தை இந்தத் தடவை எடுக்கவில்லை, அவரிடம் இதற்கான முகம் இல்லை போலிருக்கிறது. ஒலிப்பதிவுக்காரப் பெண் புது ஒயரோடு உள்ளே வந்தாள், சிவப்பு விளக்கைப் பார்த்தாள், கண்ணாடி வழியாக இவளைப் பார்த்தாள், மிட்டாய் கன்னத்திலேயே நின்றது. அவள் பார்வை போன திசையில் தம்பியும் பார்த்தான். முதலில் பொத்தானை. அப்புறம் அக்காவை.

தெரியும். தெரிந்திருக்கிறது. தெரிந்தே கொடுத்திருக்கிறான்... தெரியாத மடையன் என்றாவது ஒரு ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்தாளே, அந்த ஓரமும் போயிற்று. கனத்ததாம். யாரைக் கேட்டுடா உனக்குக் கனத்தது? அது என் வயிற்றில் இருந்தது, என் பாட்டில் இருந்தது, அதை வைத்துக்கொள்வதும் இறக்கிவைப்பதும் என் இஷ்டம், நீ யார் நடுவில் வந்து ஒரு கோடு போட்ட பைஜாமாக்காரனிடம் இறக்கிவைக்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அக்கா என்னால முடியலக்கா என்று சொல்லியிருக்கலாமே, பல் வைத்தியர் அறையில் மரத்த வாயோடு என்னை உட்காரவைத்து... சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாளா? நிறுத்தியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும், அதுதான் இன்னும் எரிகிறது. மேடைக்கு மேடை அதைத் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பாள், பின்னால் நிற்கிறவனைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள், பாடுகிறவள் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விடலாம், கதவுக்கு நாலே எட்டு, பேருந்து பிடித்தால் பரிசோதனை நிலையத்துக்குப் பிற்பகல் வேலைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். போனால் இதற்கும் ஒரு தொண்டையைச் சொல்ல வேண்டும். இன்னொரு பதினேழு வருடம் இருக்கிறதா அவளிடம்?

"எடுத்துக்கலாம்" என்றாள் மைக்கில்.

அந்தப் பெண் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி வாயசைத்தாள், பொத்தானை விட்டுவிட்டாள், விளக்கு அணைந்தது. தம்பி குனிந்து புது ஒயரைக் கிடாரில் செருகினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவன் ஆரம்பித்தான், அவள் பாடினாள். இந்தத் தடவை குரல் வந்தது, பாழாய்ப்போன குரல், தேவைப்படாதபோது வருகிறது, நெஞ்சுக்குள்ளிருந்து கரடுமுரடாகக் கிளம்பி முதல் சரணம் முழுவதும் ஒரு இடத்தில்கூடத் தட்டாமல் போயிற்று, ஒலிப்பதிவுக்காரப் பெண் கையைப் பொத்தான்களிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி தலை நிமிரவே இல்லை. வாங்கிக்கொள், இதையும் வாங்கிக்கொள். இரண்டாவது சரணத்தில்தான் அவள் ரொம்ப நேரம் தேடிக் கண்டுபிடித்த வரி இருந்தது, இந்தப் பாட்டிலேயே அவளுக்குப் பிடித்த வரி, நாலு நாளில் ஒரு முழு நாள் அதற்கே போயிற்று. ஒரு தடவைகூட நீ பார்க்கலியே. அந்த வரிக்கு முந்தின சொல்லைப் பாடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து வருவது என்ன என்று தெரிந்துகொண்டிருக்கும்போதே, வெளிர்பச்சைச் சுவர் ஒன்று வந்து எதிரே நின்றது. நர்ஸ் பக்கத்தில் நின்று, பாக்கறீங்களாம்மா, ஒரு தடவ பாத்துக்கங்கம்மா என்கிறாள். இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். மறுபடி கேட்கிறாள். இவள் சுவரையே பார்க்கிறாள், சுவரில் யாரோ எதையோ ஒட்டிப் பிய்த்த தடம், அதையே பார்க்கிறாள். நர்ஸின் செருப்புச் சத்தம் கதவைத் தாண்டிப் போகிறது. கதவுக்கு வெளியே யார் இருந்தார்கள்...

பாட்டு நின்றுவிட்டது. கிடார் இரண்டு தாள வட்டம் தனியாகப் போய், அவன் உள்ளங்கையால் தந்திகளை மூடினான்.

வரி மறந்துபோச்சாக்கா என்று அந்தப் பெண் காதுக்குள் மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றாள். மறக்கவில்லை. தம்பி இப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கியது, கண்ணாடி இல்லாமல் அவனுக்கு இவள் முகம் மங்கலாகத்தான் தெரியும், அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்வதற்கு என்னவெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள், குளிக்கும்போது, பேருந்தில், துணி மடிக்கும்போது, எத்தனை விதமாக, எத்தனை கூர்மையாக. அவனிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. தலையில் முடி இருந்ததா? யார் மூக்கு? கை திறந்திருந்ததா, மூடியிருந்ததா? உலகத்தில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அங்கே, ஒரு கண்ணாடிக்கு அப்பால், வயிறு வைத்து, வழுக்கை விழுந்து உட்கார்ந்திருக்கிறான். இத்தனை நாளும் அவனிடம் சாப்டியா, ம், நீ, ம். கோபம் போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தாள், போகவில்லை, அங்கேதான் இருந்தது, சுடச்சுட, யாருக்கு என்பதுதான் கையில் சிக்கவில்லை. மைக் திறந்துதான் இருந்தது, கேட்டால் இப்போதே கேட்கலாம், வாய்கூடத் திறந்தாயிற்று.

"மொதல்லருந்து வாசி" என்றாள்.

அவன் தலையைச் சரித்துக்கொண்டான், விரலை வைத்தான். ஒன்று, இரண்டு... அந்த வரிக்கு இன்னும் இரண்டரை நிமிடம் இருந்தது, அந்த இடம் வரும்போது வாயிலிருந்து பாட்டு வருமா, கேள்வி வருமா என்று அவளுக்கே தெரியவில்லை.